தொண்ணூறு நிமிட ஊர்

காலை ஏழே முக்கால் மணிக்கு ஃப்ளாரன்ஸ் ரயில் நிலையத்தின் பக்கத்துத் தெருவில் ஒரு சாம்பல் நிற வேன் வந்து நின்றது. மொத்தம் ஒன்பது இருக்கைகள். ஒன்று ஓட்டுனருக்கு, ஒன்று வழிகாட்டிக்கு. மிச்சம் ஏழு. 'சிறிய குழு, நெருக்கமான அனுபவம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நெருக்கம் என்பது முழங்கால் அளவில் உண்மைதான்.

மொழிபெயர்ப்பாளர்கள் சந்திப்பு ஒன்றுக்காகப் போன அக்டோபரில் அங்கே போயிருந்தேன். சந்திப்பு முடிந்து, விமானம் ஏறுவதற்கு ஒரு முழு நாள் மிச்சமிருந்தது. ஒரே நாளில் டஸ்கனி மாநிலத்தின் மூன்று பழைய மலையூர்கள்: மொண்டால்ச்சீனோ, பியன்ஸா, மோன்டேபுல்ச்சானோ. நூறு யூரோவுக்கு மேல் கட்டணம். நம் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் கெட்ட பழக்கத்தை அன்று ஒரு நாள் ஒத்திவைத்தேன். மூன்றாவது ஊரின் பெயர் என்னை இழுத்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்த 'சிறிய குழு' விவகாரத்தில் கவித்துவம் ஏதுமில்லை. ஐரோப்பிய விதிகளின்படி, ஓட்டுனரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் ஏற்றினால் அந்த வண்டி பஸ் ஆகிவிடுகிறது. பஸ் ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டும். குறுகிய மலைப் பாதையில் திரும்ப இடம் வேண்டும். கோட்டை வாசலுக்கு வெகு முன்பாகவே நிறுத்திவிட்டு ஆட்களை நடத்திக் கூட்டிப் போக வேண்டும். வேனுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. ஆகவே எட்டு என்பது மனித உறவுகளைப் பற்றி யாரோ யோசித்துக் கண்டுபிடித்த எண் அல்ல, ஓட்டுனர் உரிமத்தில் அச்சிட்ட எண்.

சொந்தமாகக் கார் எடுத்துக்கொண்டு போகலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இத்தாலியின் பழைய ஊர்கள் பலவற்றில் வெளியார் வாகனங்கள் நுழையக் கூடாத பகுதி உண்டு. வாசலில் போலீஸ்காரர் இருக்கமாட்டார், கேமரா இருக்கும். நீங்கள் ஊர் திரும்பி, எடுத்த படங்களை எல்லோருக்கும் காட்டி முடித்த பிறகு, சில மாதங்கள் கழித்து அபராதக் கடிதம் தபாலில் வரும். பஸ், ரயில் என்றாலும் சிரமம்தான். பியன்ஸாவுக்கு ரயிலே இல்லை. மோன்டேபுல்ச்சானோ என்று பெயர்ப்பலகை வைத்த ரயில் நிலையம் ஊரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் இருக்கிறது. ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் வேன்தான் புத்திசாலித்தனம்.

என்னைத் தவிர வேனில் ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி, பிரேஸிலிலிருந்து வந்த இரண்டு சகோதரிகள், நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் அப்பாவும் அவருடைய பதின்வயது மகனும். வழிகாட்டிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். சியெனா பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தவர். தேர்வு எழுதி உரிமம் பெற்ற வழிகாட்டி என்பதற்கான அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இத்தாலியில் இது விளையாட்டல்ல. உரிமம் இல்லாத ஓட்டுனர் வண்டிக்குள் ஊர்க்கதை பேசலாமே தவிர, தேவாலயத்துக்குள் வந்து கைநீட்டி விளக்கக் கூடாது. முன்பு வட்டாரத்துக்கு வட்டாரம் இருந்த விதிகளை மாற்றி, நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு என்று 2023 டிசம்பரில் சட்டமே கொண்டுவந்தார்கள். நம் ஊர்க் கோயில் வாசல்களில் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் கூட்டத்தை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

அக்டோபரில் டஸ்கனி பச்சையாக இருக்காது. காலண்டர்களில் பார்க்கும் அந்தப் பட்டுப்பச்சைக் குன்றுகள் வசந்த காலத்துக்கு உரியவை. நாங்கள் போனபோது நிலத்தை உழுது போட்டிருந்தார்கள். சாம்பலும் பழுப்புமாகப் பெரிய பெரிய களிமண் கட்டிகள், நடுவே ஒற்றை வரிசை சைப்ரஸ் மரங்கள். பிரேஸில் சகோதரிகளுக்கு ஏமாற்றம். எனக்கு அந்த மண்ணின் நிறம் பிடித்திருந்தது. வேலை நடக்கும் நிலம் என்பது தெரிந்தது.

மொண்டால்ச்சீனோவில் நாற்பத்தைந்து நிமிடம். 1361இல் கட்டிய கோட்டை. சியெனாக் குடியரசு 1555இல் வீழ்ந்தபோது சரணடைய மறுத்தவர்கள் இங்கே வந்து இன்னும் நான்கு வருஷம் குடியரசை நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பது நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் இப்போது ஊரின் கவனமெல்லாம் புருனெல்லோ என்ற ஒயினில். அறுவடைக்குப் பிறகு ஐந்தாவது ஆண்டில்தான் அதைக் கடைக்கு அனுப்பலாம் என்பது விதி. ஐந்து வருஷம் காத்திருந்த திராட்சைரசத்தை ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டுக் கிளம்பினோம். நான் குடிக்கவில்லை, முகர்ந்து பார்த்தேன். அதற்கும் பாராட்டினார்கள்.

பியன்ஸாதான் அன்றைய முதல் ஆச்சரியம். ஒரு மனிதரின் ஊர்ப்பாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1405இல், அப்போது கோர்சிஞானோ என்று பெயர் கொண்டிருந்த இந்தக் குக்கிராமத்தில் பிறந்தவர் எனேயா சில்வியோ பிக்கொலொமினி. கவிஞர், ராஜதந்திரி, இளமையில் சற்றே சிருங்காரமான ஒரு காதல் கதையை லத்தீனில் எழுதியவர். 1458இல் போப் ஆகி இரண்டாம் பயஸ் என்ற பெயர் சூடினார். மறு வருஷமே பிறந்த கிராமத்தை இடித்துக் கட்ட ஆரம்பித்தார். ஊருக்குத் தன் பெயரையே வைத்தார். பயஸின் ஊர், பியன்ஸா. கட்டியவர் பெர்னார்தோ ரோஸ்ஸெல்லினோ. ஒரு தேவாலயம், அதன் ஒரு பக்கம் போப்பின் குடும்ப மாளிகை, மறு பக்கம் பிஷப் மாளிகை, எதிரே நகரசபை. நாலும் சேர்ந்து ஒரு சின்ன முற்றம். முழு ஊரையும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம்.

செலவு, நம் ஊர் மேம்பாலங்களைப் போலவே, மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டி 50,000 பொற்காசுகளுக்கு மேல் போயிற்று. ரோஸ்ஸெல்லினோ நடுங்கிக்கொண்டு வந்து நின்றார். போப் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நீ பொய் சொன்னது நல்லதாயிற்று, உண்மைச் செலவைச் சொல்லியிருந்தால் இது எதுவும் வந்திருக்காது என்ற பொருளில் பேசிப் பாராட்டிச் சன்மானமும் கொடுத்தார். போப்பே தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதி வைத்திருக்கிறார். தணிக்கை அதிகாரிகள் படிக்கக்கூடாத புத்தகம்.

எங்கள் வழிகாட்டி மிக நன்றாகச் சொன்ன கதை இது. ஏழு பேரும் சிரித்தோம். பிறகு தேவாலயத்தின் உள்ளே கூட்டிப் போய்த் தரையைப் பார்க்கச் சொன்னார். பலிபீடத்தின் பக்கம் தரை சரிந்திருக்கிறது. கற்பனை அல்ல, காலுக்கே தெரிகிறது. குன்றின் விளிம்பில், நம்பத்தகாத களிமண்ணின்மேல் கட்டிய தேவாலயம். கட்டிய காலத்திலேயே விரிசல் விட்டது. ஐந்தரை நூற்றாண்டுகளாக நழுவிக்கொண்டிருக்கிறது, அவர்களும் முட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1462இல் போப் ஓர் ஆணை போட்டார். இந்தத் தேவாலயத்தின் சுவரில் யாரும் சித்திரம் வரையக் கூடாது, தூணின் வடிவை மாற்றக் கூடாது, மீறினால் சபை விலக்கு. மனிதர்கள் கட்டுப்பட்டார்கள். களிமண் கட்டுப்படவில்லை. 1464இல், துருக்கியர்மீது சிலுவைப் போர் தொடுக்கக் கப்பல்களுக்காகக் காத்திருந்த இடத்தில் போப் இறந்துபோனார். ஊர் அப்படியே உறைந்துவிட்டது. 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று.

ஊர் முழுக்கப் பெக்கொரீனோ என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியின் வாசனை. சைவ உணவுக்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பாலை உறையவைக்க அங்கே வழக்கமாகச் சேர்ப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருள். இறைச்சி இல்லை என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல, அவருடைய அகராதியில் அது இறைச்சி இல்லை. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வகைச் சங்கடம் பழக்கமானதுதான்.

சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் ஊர். காலை பதினொன்றுக்குச் சந்துகளில் தோளோடு தோள் உரசுகிறது. மாலை ஐந்துக்குப் பிறகு வந்தால் நாய்கூட இருக்காது என்றார் வழிகாட்டி. எங்களைப் போன்றவர்கள் வரும் நேரம் ஒன்றே. எங்கும் இரவு தங்குவதில்லை. இத்தாலியில் பல ஊர்களில் விடுதியில் தங்குபவர்கள் ராத்திரிக்கு இவ்வளவு என்று ஊருக்கு ஒரு வரி கட்டுகிறார்கள். பகலில் வந்து போகிறவர்கள் அதையும் கட்டுவதில்லை. வந்து நடந்து, படம் எடுத்து, கழிப்பறையைப் பயன்படுத்தி, குப்பைத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறோம். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த நாட்களில் இந்தப் பகல் விருந்தாளிகளிடம் ஐந்து யூரோ வசூலிக்க ஆரம்பித்தது இதனால்தான். சிவித்தா தி பாஞ்ஞொரேஜோ என்ற, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே மிஞ்சிய குன்றூர் 2013லேயே நுழைவுச் சீட்டு போட்டுவிட்டது. ஊருக்குள் நுழைய டிக்கெட் என்பது முதலில் அபத்தமாகப் பட்டது. பியன்ஸாவின் சந்தில் யாரோ ஒரு மூதாட்டி காய்கறிப் பையுடன் எங்களைத் தாண்டிப் போகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு அப்படிப் படவில்லை.

வெனிஸின் பழைய நகரப் பகுதியில் குடியிருப்போர் எண்ணிக்கை 2022இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போயிற்று. இதைச் சொன்னபோது வழிகாட்டி, "என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். வெனிஸ்காரர் அல்ல. மோன்டேபுல்ச்சானோவில், கோட்டைக்குள் பிறந்தவர். பாட்டி இறந்ததும் குடும்பம் வீட்டை விற்றுவிட்டது. இப்போது அதில் வாரக் கணக்கில் வாடகைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை ஃப்ளாரன்ஸிலிருந்து தொடங்குவதால் அவர் அந்த நகரத்தின் புறப்பகுதி ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறார். வாரத்துக்கு மூன்று தடவை சொந்த ஊருக்கு வருகிறார். ஒவ்வொரு தடவையும் தொண்ணூறு நிமிடம்.

அந்த ஊருக்குத்தான் அடுத்துப் போனோம். இப்போது காரணத்தைச் சொல்லிவிடலாம்.

தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் யாரும் 'உரைநடை வளர்ச்சி' என்ற தாளிலிருந்து தப்பியிருக்க முடியாது. அதில் தத்துவ போதகர் என்று ஒருவர் வருவார். காவி உடுத்தி, சந்தனம் பூசி, 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி. ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம் என்று உரைநடையில் எழுதிக் குவித்தவர். தேர்வுக்குப் பட்டியலை மனப்பாடம் செய்வோம், ஆளை மறந்துவிடுவோம். அவர் 1577இல் பிறந்தது ரோமிலா மோன்டேபுல்ச்சானோவிலா என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் நொபிலி குடும்பத்தின் ஊர் மோன்டேபுல்ச்சானோ. இதில் சர்ச்சை இல்லை. நான் படித்தது மதுரையில். அந்த மனிதர் விட்டுவந்த ஊரைப் பார்க்கலாம் என்ற ஆசை.

மோன்டேபுல்ச்சானோ சுமார் 600 மீட்டர் உயரத்தில், ஒரு மலைமுதுகின் மேல் நீளவாக்கில் படுத்திருக்கிறது. கீழ் வாசலிலிருந்து மேலே முற்றம் வரை ஒரே ஏற்றம். இந்த ஏற்றத்தில் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று எட்டுப் பேட்டைக்காரர்கள் ஆளுக்கொரு பீப்பாயை உருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒவ்வொன்றும் 80 கிலோ. வெறும் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது. காதில் மாட்டிய கருவியில் வழிகாட்டியின் குரல் மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. மணிக்கூண்டின்மேல் நின்று மணி அடிக்கும் கோமாளிப் பொம்மை, மெடிச்சி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன கவிஞர் பொலிஸியானோ பிறந்த வீடு, அவர் ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட கதை. எல்லாம் அளந்து வைத்த வாக்கியங்கள். ஒவ்வொன்றும் அடுத்த திருப்பம் வரும்போது முடிந்துவிடும். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உரை மொழிபெயர்ப்பாளராக மேடையில் நின்றவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும்.

உச்சியில் பெரிய முற்றம். ஒரு பக்கம் முகப்பே கட்டி முடிக்காமல் செங்கல் தெரிய நிற்கும் தேவாலயம். இன்னொரு பக்கம் ஃப்ளாரன்ஸின் நகர மாளிகையைச் சின்னதாக்கி வைத்ததுபோல் நகரசபை. சிங்கங்களும் சிறகு முளைத்த கழுகுமுக மிருகங்களும் காவல் காக்கும் ஒரு கிணறு. தேவாலயத்துக்கு எதிரே, கீழே வளைவுகளும் தூண்களுமாக ஒரு மாளிகை. பெயர் நொபிலி-தாரூஜி மாளிகை.

பிரேஸில் சகோதரிகள் கூவிவிட்டார்கள். 'நியூ மூன்' என்ற ரத்தக்காட்டேரிப் படத்தின் உச்சகட்டக் காட்சியை 2009இல் இங்கேதான் எடுத்தார்கள். கதைப்படி ஊர் வோல்தேர்ரா, எடுத்தது மோன்டேபுல்ச்சானோ. சிவப்பு அங்கிக் கூட்டத்தின் நடுவே கதாநாயகி எந்தப் பக்கமாக ஓடி வந்தாள் என்பதை வழிகாட்டி கைகாட்டிச் சொன்னார். அதையும் அளந்துதான் வைத்திருந்தார். மூத்தவள் ஓடினாள், இளையவள் படம் எடுத்தாள். மூன்று முறை.

நான் வழிகாட்டியின் அருகே போய், மாளிகையைக் காட்டி, ராபர்ட்டோ டி நொபிலியைப் பற்றிக் கேட்டேன்.

"நொபிலே? அதற்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. கீழே நிலவறைக்குப் போகிறோம்" என்றார்.

ஊரின் புகழ்பெற்ற ஒயினுக்குப் பெயர் வினோ நொபிலே. 1980இல் நாட்டின் மிக உயர்ந்த தரச்சான்றைப் பெற்ற முதல் சில ஒயின்களில் ஒன்று. நான் பாதிரியாரைக் கேட்டேன், அவர் பீப்பாயைச் சொன்னார். விளக்கியதும் முகம் சிவந்துவிட்டது. மாளிகையின் கட்டடக் கலைஞர் யார் என்பதில் உள்ள இரண்டு கட்சிகளையும் அவருக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்த கார்டினல் பெல்லார்மினோவை நன்றாகவே தெரியும். அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவன் வீட்டின் எதிர்ப்பை மீறி ஏசு சபையில் சேர்ந்து இந்தியாவுக்குப் போனதைப் பற்றிப் பள்ளியிலும் சொல்லவில்லை, தேர்விலும் கேட்கவில்லை.

இதற்குள் ஆஸ்திரேலியக் கணவர் பக்கத்தில் வந்துவிட்டார். மதுரை என்ற சொல் காதில் விழுந்ததாம். அவரும் மனைவியும் 2018இல் தேக்கடியிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் மதுரையில் நின்றிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கோயிலில் இரண்டு மணி நேரம், அரண்மனையில் அரை மணி. கோயிலில் 33,000 சிலைகள் என்று வழிகாட்டி சொன்னதும், தட்டினால் பாடும் தூண்களும் நினைவிருந்தன. "உங்கள் ஊர் அரண்மனையைக் கட்டியவர் ஓர் இத்தாலியராமே" என்று சொல்லி, இத்தாலிய மண்ணில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய்த்ததில் மகிழ்ந்துபோனார். 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி நம் வழிகாட்டிகள் விடாமல் சொல்லும் கதை அது. அதே திருமலை நாயக்கர் ஆட்சியில், 1640இல், மதுரைச் சிறையில் நிச்சயமாக ஓர் இத்தாலியர் இருந்தார். அவர் நொபிலி. அந்தக் கதையை மதுரையில் யாரும் இவரிடம் சொல்லவில்லை. நான் மதுரையில் படித்த வருஷங்களில் எனக்கும் யாரும் சொல்லவில்லை. பிற்பாடு புத்தகத்தில் தெரிந்துகொண்டதுதான்.

வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்லுங்கள், இரண்டு நிமிடம் இருக்கிறது" என்று சின்னக் குறிப்பேட்டை எடுத்தார். நெதர்லாந்துப் பையனும் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு வந்து நின்றான்.

சொன்னேன். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். இறைச்சியை விட்டு, ஒரு வேளைச் சோறும் கீரையும் உண்டார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர் சிவதர்மர் என்ற பிராமணர். செய்யுளே இலக்கியம் என்றிருந்த மொழியில் பக்கம் பக்கமாக உரைநடை எழுதினார். கோயில், பூசை, வேதம், அருள், குரு என்ற நம் சொற்களை எடுத்துத் தன் சமயத்தைச் சொன்னார். இது மதத் துரோகம் என்று சக பாதிரியாரே புகார் அனுப்பினார், கோவாவில் விசாரணை நடந்தது, ரோம் வரை போயிற்று, 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். கடைசியில் பார்வை மங்கி, 1656இல் மயிலாப்பூரில் இறந்தார்.

"ஐம்பது வருஷமா? திரும்பி வரவே இல்லையா?" என்று கேட்டார் வழிகாட்டி.

"இல்லை."

எல்லோரும் ஒரு கணம் அந்த மாளிகையைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நிலவறைக்கு இறங்கும்போது படிக்கட்டின் பாதியில்தான் உறைத்தது, நான் என்ன செய்திருக்கிறேன் என்று.

சாதியை விட்டுவிட்டேன்.

நொபிலியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல அனுமதித்தால் சொல்ல வேண்டியது அதுதான். அவர் தன்னை ராஜ வம்சத்தவர் என்று அறிவித்துக்கொண்டார். சமையலுக்குப் பிராமணரை வைத்துக்கொண்டார். மதுரையில் முன்பிருந்தே மீனவ மக்களுக்கு ஊழியம் செய்துவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியாரோடு ஊரறியச் சேர்ந்து வாழ்வதைத் தவிர்த்தார். புகார் அனுப்பிய சக பாதிரியார் அவர்தான். அந்தப் புகாரில் வெறும் பொறாமை மட்டும் இல்லை. 1623 தீர்ப்பு அனுமதித்தது பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும். 1640களில் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று 'பண்டார சுவாமிகள்' என்ற தனி வகைக் குருமார்களையே ஏற்படுத்தினார்கள். சாதியை அவர் உண்டாக்கவில்லை. ஆனால் சமயம் வேறு, சாதி வேறு, சாதி வெறும் சமூக வழக்கம் என்று ஒரு அறிவுஜீவியின் வாதத்தை அதற்குக் கொடுத்தார். தேவாலயத்தில் தனி இடம், கல்லறையில் தனி இடம் என்பது நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றது. வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிகளைப் பிரித்து நிறுத்திய சுவரை இடிக்க 1910 ஆக வேண்டியிருந்தது. பெரிய உரைநடைக்காரர், பெரிய மொழிபெயர்ப்பாளர், சந்தேகமில்லை. எதை அப்படியே எடுத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று மொழிபெயர்ப்பாளன் எடுக்கும் முடிவு எத்தனை பேர் தலையில் விடியும் என்பதற்கும் அவரே உதாரணம்.

இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். முற்றம் அழகாக இருந்தது. மாலை வெயில் செங்கல்மேல் விழுந்துகொண்டிருந்தது. வெளியாரிடம் நம் ஊரைப் பற்றிச் சொல்கிறோம் என்ற நினைப்பும் இருந்தது. இது எல்லாம் சேர்ந்தால் வாய் எந்தப் பக்கம் போகும் என்பது காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த விஷயம்தான். பியன்ஸாவின் போப் கதையில், இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்த கோர்சிஞானோவாசிகளின் கதி என்ன என்று நானும் கேட்கவில்லை. சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

நிலவறை குளிர்ச்சியாக இருந்தது. ஆள் உயரத்தைத் தாண்டிய ஓக் மரப் பீப்பாய்கள். ஒவ்வொரு ஒயினுக்கும் அளந்து வைத்த ஒரு வாக்கியம்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு சிற்றுண்டிக் கடையில் வேன் நின்றது. மற்றவர்கள் காபிக்குப் போனார்கள். வழிகாட்டி வெளியே நின்று சிகரெட் பற்றவைத்தார். போய், மீதிக் கதையைச் சொன்னேன். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டார். அந்தச் சுவர் எப்படி இருந்தது, பலிபீடத்தை யாரெல்லாம் பார்க்க முடியும் என்று விவரமாகக் கேட்டார். இப்போதும் உண்டா என்று கேட்டார். சுவரை இடித்துவிட்டார்கள், ஆனால் உண்டு என்றேன்.

குறிப்பேட்டை எடுத்தார். மதியம் எழுதிய பக்கத்தைப் படித்துப் பார்த்தார். பேனாவைத் திறந்து, யோசித்து, மூடிவிட்டார்.

"முதல் பாதியை நாளை மறுநாளே சொல்லிவிடுவேன்" என்றார். "அந்த மாளிகையின் முன்னால் எனக்குக் கிடைப்பது நாற்பது வினாடி. உடனே ஒயினுக்குக் கூட்டிப் போக வேண்டும். இரண்டாவது பாதியை எங்கே வைப்பது?"

நெதர்லாந்துப் பையன் வந்து, அப்பா காபியைக் கொட்டிவிட்டார், துடைக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். வழிகாட்டி பையைத் திறந்து காகிதக் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தார்.